நான்காவது தொட்டி ஏன் தாங்கியது?

கேள்வி: நானும் என் கணவரும் சிறிய அளவில் சிப்பிக் குஞ்சு பொரிப்பகம் நடத்துகிறோம். இந்தப் பருவத்தில் விட்ட மூன்று தொகுதி லார்வாக்களும் ஐந்தாம் நாள் வரை நன்றாக நீந்தின. ஆறாம் நாள் காலையில் தொட்டியின் அடியில் கிடந்தன. மூன்றாம் தொகுதியில் நான்காவது தொட்டி மட்டும் பத்தாம் நாள் வரை தாங்கியது. தீனிக்காகப் பாசி வளர்க்கும் பை தீர்ந்துபோனதால் அந்தத் தொட்டிக்கு மட்டும் குடுவையில் வளர்த்த பாசியைக் கொடுத்தோம். தண்ணீரை ஒரு மைக்ரான் வரை வடிகட்டி, புற ஊதா விளக்கின் வழியே செலுத்துகிறோம். அதே சமயத்தில் கடல் சில நாள் பழுப்பாக இருந்தது. நாற்றங்காலில் இருந்த அரை சென்டிமீட்டர் குஞ்சுகளும் ஓடுகளை இறுக மூடிக்கொண்டு, பாதிக்கு மேல் செத்துவிட்டன. ஆனால் மீன் ஒன்றுகூடச் சாகவில்லை. எல்லாவற்றுக்கும் கடல் நிறம் மாறியதுதான் காரணமா? ஆன்டிபயாடிக் போட்டும் பலனில்லை. வேறு எந்த மருந்தைப் போடலாம்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

மூன்று தொகுதிகள் போய்விட்டன என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் எத்தனை இரவுகள் கண்விழித்திருப்பீர்கள் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குப் புரியும். உங்கள் கடிதத்தை நான் நான்கு முறை படித்தேன். நீங்கள் போகிற போக்கில் எழுதிய நான்காவது தொட்டியில்தான் பாதி விடை இருக்கிறது. அதைப் பார்க்கவிடாமல் உங்களைத் திசைதிருப்பியது கடலின் பழுப்பு நிறம்.

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் பண்ணையில் நடந்தவை இரண்டு தனித்தனிச் சாவுகள். தொட்டியில் லார்வாக்களைக் கொன்றது பெரும்பாலும் விப்ரியோ வகைப் பாக்டீரியா. அது வந்த வழி பாசிப் பை. நாற்றங்காலில் குஞ்சுகளைக் கொன்றது கடலில் பெருகிய நுண்பாசி. இரண்டும் ஒரே வாரத்தில் வந்ததால் ஒன்றாகத் தெரிந்துவிட்டன.

தொட்டியைப் பார்ப்போம். கடல்நீரில் வந்த பாசிதான் காரணம் என்றால் நான்கு தொட்டிகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சாய்ந்திருக்க வேண்டும். நான்குக்கும் ஒரே தண்ணீர், ஒரே வடிகட்டி, ஒரே விளக்கு. நீங்கள் சொல்கிறபடி மாறியது தீனி மட்டும்தான். மாற்றிய தொட்டி நான்கு நாள் கூடுதலாக உயிரோடு இருந்தது. பிறகு அதுவும் போனதற்கு, எல்லாத் தொட்டிக்கும் ஒரே சல்லடையையும் ஒரே வாளியையும் பயன்படுத்தியது காரணமாக இருக்கலாம். அப்படித்தான் பயன்படுத்துகிறீர்களா என்று எழுதுங்கள்.

பாசிப் பையை ஏன் சந்தேகிக்கிறேன் என்றால், பல வாரங்கள் தொடர்ந்து அறுவடை செய்யும் பையில் பாசி மட்டும் வளர்வதில்லை. பாசி கசியவிடும் கரிமப் பொருள்களை உண்டு பாக்டீரியாவும் வளர்கிறது. பையின் அடி மடிப்பில் செத்த பாசி படியும். அந்தப் படிவு அவற்றுக்கு விருந்து. பை பார்வைக்குப் பொன்னிறமாக, அழகாகவே இருக்கும். புற ஊதா விளக்கு உள்ளே வரும் தண்ணீரைத்தான் சுத்தம் செய்கிறது. பையிலிருந்து நேராகத் தொட்டிக்குப் போகும் தீனியை அது தொடுவதே இல்லை. நீங்கள் வாசலைப் பூட்டிவிட்டுக் காவல் இருந்தீர்கள். கிருமி சமையலறை வழியாக வந்துவிட்டது.

இனி, இது எப்படிக் கொல்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அது புரிந்தால்தான் மருந்து ஏன் உதவவில்லை என்பதும் புரியும்.

கருவுற்ற முட்டை ஓரிரு நாளில் 'டி' என்ற ஆங்கில எழுத்தைப் போன்ற வடிவமுள்ள லார்வா ஆகிறது. குறுக்களவு ஏறத்தாழ 70 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் பதினான்கில் ஒரு பங்கு. இரண்டு மெல்லிய ஓடுகளுக்கு நடுவிலிருந்து வீலம் என்ற மடல் வெளியே நீண்டிருக்கும். அதன் விளிம்பெங்கும் குறுஇழைகள் துடிக்கும். அதுவே துடுப்பு, அதுவே தீனி அள்ளும் கை. முட்டையிலிருந்து கிடைத்த கொழுப்புச் சேமிப்பு முதல் சில நாள்களுக்குத்தான் வரும்; பிறகு வயிற்றுப்பாட்டுக்கு வீலத்தை நம்பித்தான் இருக்க வேண்டும். இந்த வயதில் எதிர்ப்பாற்றலும் முழுதாக வளர்ந்திருப்பதில்லை. வளர்ந்த சிப்பி நாள் முழுவதும் விப்ரியோவை வடித்து விழுங்கிக்கொண்டு நலமாக இருக்கிறது. அதன் லார்வாவுக்கு அதே பாக்டீரியா எமன்.

நுண்ணோக்கியில் இதைப் பார்த்தவர்களுக்கு மறக்காது. நலமான லார்வா கண்ணாடித் தகட்டில் நிற்கவே நிற்காது, வட்டமடித்து ஓடும். நோய் தொடங்கிய லார்வா மெதுவாகும், ஒரே இடத்தில் சுழலும். வீலத்தை உள்ளே இழுத்துக்கொள்ளத் தெரியாமல் வெளியே தொங்கவிடும். 400 மடங்குக்கு மாற்றினால், ஓட்டு விளிம்பைச் சுற்றிப் பலாச்சுளையை மொய்க்கும் ஈக்களைப் போல நுண்ணிய புள்ளிகள் துள்ளிக்கொண்டிருக்கும். வீலம் துண்டு துண்டாகப் பிய்ந்து மிதக்கும். சில மணி நேரத்தில் ஓடு மட்டும் மிஞ்சும், உள்ளே வெறுமை. வெறும் கண்ணுக்குத் தொட்டியின் அடியில் பழுப்புப் புள்ளிகள் தென்படும். நீங்கள் ஆறாம் நாள் காலையில் பார்த்தது அதைத்தான்.

1965-இல் அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தின் மில்ஃபோர்ட் ஆய்வகத்தைச் சேர்ந்த ஹாஸ்கெல் டுபியாஷும் உடன் பணியாற்றியவர்களும் இந்த நோயை விவரித்தார்கள். பாக்டீரியாவைச் சேர்த்த ஒரே நாளுக்குள் லார்வாக்கள் மடிவதை அவர்கள் கண்டார்கள். பின்னர் 1984-இல் ஓர் இனத்துக்கு அவர் பெயரையே இட்டு விப்ரியோ டுபியாஷி என்றார்கள். இன்று பொரிப்பகங்கள் அதிகம் அஞ்சுவது அதன் உறவான விப்ரியோ கோரல்லிலைட்டிகஸ். டுபியாஷி என்று முன்பு அடையாளமிட்ட கொடிய வகைகளில் பல உண்மையில் இந்த இனம்தான் என்று பிறகு தெரியவந்தது. இரண்டுமே புரதத்தை அரிக்கும் நொதிகளைத் தண்ணீரில் சுரக்கின்றன. கிருமி லார்வாவின் உடலுக்குள் புகுவதற்கு முன்பே அதன் சுரப்பு வீலத்தை அரிக்கத் தொடங்கிவிடும்.

ஆன்டிபயாடிக் தோற்றதற்கு முதல் காரணம் அதுதான். பாக்டீரியா செத்தாலும் அது சுரந்த நஞ்சு தண்ணீரில் இருக்கிறது. இரண்டாவது காரணம் வேகம். ஒரு செல் அரை மணிக்கு ஒரு முறை இரண்டாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விப்ரியோவில் இதைவிட விரைவாகப் பெருகும் இனங்களும் உண்டு. மாலை 6 மணிக்கு ஒன்றாக இருந்தது, தடையில்லாவிட்டால் காலை 6 மணிக்கு ஒரு கோடியே 67 லட்சம். நீங்கள் மருந்துப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். மூன்றாவது காரணம்தான் என்னை உண்மையில் கவலைப்பட வைக்கிறது: மருந்து கெட்டதோடு சேர்த்துத் தொட்டியில் இருந்த தீங்கற்ற பாக்டீரியாக்களையும் துடைத்துவிடுகிறது. காலியான இடத்தில் முதலில் குடியேறுவது வேகமாகப் பெருகும் விப்ரியோதான். இந்த முறை அது மருந்துக்கு அசையாத வகையாகவும் இருக்கக்கூடும். அந்த எதிர்ப்பு உங்கள் கழிவுநீரோடு கடலுக்கும் போகும். ஆகவே "வேறு எந்த மருந்து" என்ற கேள்விக்கு என் பதில், எதுவும் வேண்டாம். தயவுசெய்து இன்னொன்றை வாங்காதீர்கள்.

இதை வீம்புக்காகச் சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் நான் பொறுப்பில் இருந்த ஒரு பொரிப்பகத்தில் இரண்டு மாதம் லார்வாவே தேறவில்லை. நானும் மருந்தைத்தான் தேடினேன். கடைசியில் ஒரு தொழிலாளி, தண்ணீர்க் குழாயில் பயன்படுத்தாமல் மூடி போட்டு விட்டிருந்த ஒரு கிளையைச் சுட்டிக்காட்டி, "ஐயா, இதை யாரும் கழுவியதே இல்லை" என்றார். இரண்டடி நீளம் இருக்கும். மூடியைத் திருகியதும் அழுகிய முட்டை நாற்றம்; உள்ளே விரலை விட்டால் கறுத்த வழவழப்பு. அந்தத் துண்டை அறுத்தெறிந்த பிறகு விட்ட தொகுதி குஞ்சாகி ஒட்டியது. அன்றிலிருந்து எந்தப் பொரிப்பகத்துக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது குழாய்களின் முட்டுச்சந்துகளைத்தான்.

உங்கள் பையைக் குற்றவாளி என்று முடிவுகட்டும் முன் சோதித்துவிடுங்கள். செலவில்லாத சோதனை இது. கொதிநீரில் கழுவிய ஒரு லிட்டர் கண்ணாடிப் பாத்திரங்கள் எட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் ஒரே தொகுதியிலிருந்து ஒரே எண்ணிக்கையில் லார்வாக்கள். இரண்டில் வடிகட்டிய தண்ணீர் மட்டும், தீனி இல்லை. இரண்டில் அதே தண்ணீரோடு பைப் பாசி. இரண்டில் குடுவைப் பாசி. கடைசி இரண்டில், ஒரு நாள் முன்னதாகக் கொதிக்கவைத்து மூடி ஆறவிட்டு, சுத்தமான காற்றை நன்றாகச் செலுத்திய கடல்நீரும் குடுவைப் பாசியும். 48 மணி நேரம், ஆறு மணிக்கு ஒரு முறை ஒவ்வொரு சொட்டு எடுத்து, நீந்துவது எத்தனை, கிடப்பது எத்தனை என்று எண்ணி எழுதுங்கள். லார்வா இரண்டு நாள் பட்டினி தாங்கும். ஆகவே தீனி இல்லாத பாத்திரத்தில் உள்ளவை நீந்திக்கொண்டிருக்கும்போது பைப் பாசி குடித்தவை கிடந்தால் வேறு சாட்சி தேவையில்லை. எல்லாப் பாத்திரங்களும் சாய்ந்து, கொதிக்கவைத்தது மட்டும் நின்றால் தண்ணீர் வழியைப் பாருங்கள். அதுவும் சாய்ந்தால் முட்டையை, அதாவது தாய்ச்சிப்பியைச் சந்தேகிக்க வேண்டும்.

கூடவே விப்ரியோவுக்கான டி.சி.பி.எஸ். ஊடகத் தட்டிலும் பையின் பாசியைத் தடவிப் பாருங்கள். இங்கே ஓர் எச்சரிக்கை. இறால் பொரிப்பகங்களில் பழகியவர்கள் "மஞ்சள் திட்டு பரவாயில்லை, பச்சைதான் ஆபத்து" என்பார்கள். சிப்பி லார்வாவுக்கு அந்தக் கணக்கு செல்லாது. நான் மேலே சொன்ன இரண்டு கொலைகார இனங்களும் சர்க்கரையை நொதிக்கவைப்பவை. தட்டில் மஞ்சளாகத்தான் வளரும். பாசியில் எந்த நிறத்திலும் திட்டுகள் மலிந்திருந்தால் அந்தப் பையை ஊற்றிவிடுங்கள்.

பை என்று உறுதியானால் செய்ய வேண்டியது கடினமில்லை, மனம்தான் வர வேண்டும். எல்லாப் பைகளையும் ஒரே நாளில் இறக்கிவிடுங்கள். ஒன்றை "நன்றாகத்தானே இருக்கிறது" என்று விட்டுவைத்தால் அதிலிருந்து மறுபடி தொடங்கும். தாய்க் குடுவையிலிருந்து புதிதாக வளர்த்து, பை முதுமை அடையும் முன்பே அறுவடையை நிறுத்துங்கள். தொட்டி, குழாய், காற்றுக்கல் எல்லாவற்றையும் குளோரினில் ஊறவைத்து, நடுநிலையாக்கி, ஒரு நாளாவது முழுக்கக் காயவிடுங்கள். ஈரம் உலராத இடத்தில் கிருமிப் படலம் பிழைத்துக்கொள்ளும். ஒவ்வொரு தொட்டிக்கும் தனிச் சல்லடை. லார்வாவின் அடர்த்தியைத் தொடக்கத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 10-ஐத் தாண்டவிடாமல், வளர வளரக் குறையுங்கள். தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒரு முறையாவது முழுவதும் மாற்றி, மாற்றும்போது சல்லடையில் தங்காமல் பின்தங்கும் சின்ன லார்வாக்களைக் கழித்துவிடுங்கள். இது பலருக்கு மனம் கேட்காத வேலை. ஆனால் வளராத லார்வா பெரும்பாலும் நோயின் முதல் இருப்பிடம். அதைக் காப்பாற்ற நினைத்தால் மற்றவை போகும்.

நன்மை செய்யும் பாக்டீரியாக்களைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஃபேயோபாக்டர் இன்ஹிபென்ஸ், பேசில்லஸ் புமிலஸ் ஆகியவற்றைச் சிப்பி லார்வாக்களிடம் சோதித்து, விப்ரியோ சாவைக் குறைக்க முடியும் என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். கிருமி வருவதற்கு முன்பே கொடுக்க வேண்டியவை அவை. புண்ணுக்குப் போடும் களிம்பைப் போல நினைத்து, சாவு தொடங்கிய பிறகு ஊற்றினால் வீண்.

தட்டில் விப்ரியோ தென்பட்டாலும் அதோடு விசாரணையை மூடிவிடாதீர்கள் என்று சொல்வதற்கு ஒரு பழைய அனுபவம் இருக்கிறது. அமெரிக்காவின் ஆரிகன் கரையில் நெட்டார்ட்ஸ் விரிகுடாவில் உள்ள ஒரு பொரிப்பகத்தில் 2007 வாக்கில் லார்வாக்கள் மொத்தமாக மடிந்தன. விப்ரியோவும் இருந்தது, பழியை அதன்மேல் போட்டுத் தண்ணீரைச் சுத்திகரிக்க வசதி செய்தார்கள். சாவு நிற்கவில்லை. பிறகுதான் ஆழ்கடலிலிருந்து மேலெழும் கரியமிலவாயு மிகுந்த நீர், லார்வாவை ஓடு கட்டவிடாமல் செய்கிறது என்று தெரிந்தது. பி.ஹெச். அளவைக் கவனித்து, சோடியம் கார்பனேட் சேர்த்துத் தண்ணீரைச் சரிசெய்யத் தொடங்கியதும் உற்பத்தி மீண்டது. ஆகவே நீங்களும் காலை, பிற்பகல் இரு வேளையும் பி.ஹெச். பார்த்து எழுதிவையுங்கள். பலவீனப்பட்ட லார்வாவைத்தான் கிருமி முதலில் தேடி வரும்.

இப்போது நாற்றங்கால். அங்கே கதை வேறு. வடிகட்டாத கடல்நீர் நேரடியாகப் பாயும் இடம் அது. அரை சென்டிமீட்டர் குஞ்சுக்கு வீலம் கிடையாது. செவுள் வந்துவிட்டது, அதைக் கொண்டு ஓயாமல் நீரை இழுத்து வடிக்கிறது. நீரில் என்ன இருந்தாலும் அது செவுளைத் தொட்டே ஆக வேண்டும். குஞ்சுகள் ஓட்டை இறுக மூடிக்கொண்டன என்று நீங்கள் எழுதியது முக்கியமான தடயம். தீங்கான பாசி பட்டால் இளம் சிப்பிகள் படபடவென்று ஓடுகளை அடித்துக்கொள்ளும், மேலுறைச் சதையைச் சுருக்கிக்கொள்ளும், பிறகு மூடிவிடும். மூடியிருக்கும் வரை மூச்சும் இல்லை, தீனியும் இல்லை. பெரியவை பல நாள் தாக்குப்பிடிக்கும். சிறியவற்றுக்குச் சேமிப்பு எங்கே இருக்கிறது?

மீன்கள் சாகவில்லையே என்று கேட்கிறீர்கள். அதை வைத்துப் பாசிக்கு விடுதலை கொடுத்துவிட முடியாது. 1988-இல் ஜப்பானின் கோச்சி பகுதியில் உரனோச்சி விரிகுடாவில் ஹெட்டரோகாப்சா சர்குலாரிஸ்குவாமா என்ற பாசி முதன்முதலாகப் பெருகியபோது சிப்பி இனங்கள் மடிந்தன, மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்னர் முத்துச்சிப்பிப் பண்ணைகளையும் அது சூறையாடியது. 1985-இல் அமெரிக்காவின் லாங் ஐலண்ட் கரையில் வந்த பழுப்பு அலை இன்னொரு மாதிரி. அதன் காரணியான ஆரியோகாக்கஸ் என்ற பாசி இரண்டே மைக்ரான். செவுளின் குறுஇழைகளை மந்தமாக்கிச் சிப்பிகளைத் தீனியெடுக்க விடாமல் செய்தது. அங்கே விசிறிச் சிப்பிகளின் இளந்தலைமுறை தேறாமல் போய், அந்த மீன்பிடிப்பே படுத்துவிட்டது. உங்கள் கடலில் வந்தது இவற்றில் ஒன்றா, வேறா என்று நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. அடுத்த முறை நீர் நிறம் மாறிய அன்றே ஒரு சிறு புட்டியில் எடுத்து, லூகால் அயோடின் கரைசலைத் தேநீர் நிறம் வரும்வரை சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, இருட்டில் வைத்துவிடுங்கள். இனம் பார்க்க அது போதும். உயிருள்ள மாதிரி ஒன்றையும் தனியே வையுங்கள். சில இனங்கள் அயோடினில் உருக்குலைந்துவிடும்.

உங்கள் ஒரு மைக்ரான் வடிகட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரும்பாலான பாசிச் செல்களை அது நிறுத்தும். ஆனால் கரேனியா போன்ற கவசமில்லாத இனங்கள் வடிகட்டியில் அழுந்தி உடையும், உள்ளே இருக்கும் நஞ்சு கரைந்து தொட்டிக்கு வரும். கடல் பழுப்பாக இருக்கும் நாள்களில் வடிகட்டியை நம்பித் தண்ணீர் எடுக்காதீர்கள். முன்கூட்டியே சேமித்த நீரை வைத்து ஓட்டுங்கள். நாற்றங்காலுக்கும் அதுதான்: கடல்நீர் வரத்தை அடைத்துவிட்டு, இருக்கும் நீரையே சுழலவிட்டு, காற்றைக் கூட்டி, வளர்த்த பாசியைச் சிறிது கொடுத்துச் சமாளியுங்கள். முடிந்தால் நீரின் சூட்டைக் குறையுங்கள். குளிர்ந்த நீரில் குஞ்சுக்குச் செலவு குறைவு. மறுபடி திறக்கும் முன் இருபது குஞ்சுகளை அந்தத் தண்ணீரில் ஓர் இரவு விட்டுப் பாருங்கள். ஓடு திறந்து வடிக்கத் தொடங்கினால் திறக்கலாம்.

செத்த குஞ்சுகளின் ஓடுகளைத் தூக்கி எறிந்துவிட்டீர்களா? இருந்தால் உட்புறத்தைக் கைக்கண்ணாடியில் பாருங்கள். பழுப்பு நிறத்தில் வளையம் போலப் படிவு இருந்தால் அது பாசியின் வேலை இல்லை. அட்லாண்டிக் சிப்பிக் குஞ்சுகளில் 25 மில்லிமீட்டருக்குக் கீழே இருப்பவற்றைத் தாக்கும் ஒரு பாக்டீரியா நோய் இப்படிப்பட்ட தடத்தை விடுகிறது. மணிலா மட்டியில் விப்ரியோ டாபெடிஸ் விடும் பழுப்பு வளையமும் உண்டு. உங்களுடையது பசிபிக் சிப்பியாக இருந்து, நீரின் சூடு 16 டிகிரி செல்சியஸைத் தாண்டிய பிறகு சாவு தொடங்கியிருந்தால் சிப்பி ஹெர்ப்பிஸ் வைரஸுக்கும் சோதனை செய்ய வேண்டும். 2008 முதல் பிரான்சில் இளம் சிப்பிகளை வாரிக்கொண்டுபோனது அதன் ஒரு வகைதான். அந்தச் சோதனையை ஆய்வகம்தான் செய்ய முடியும்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. நாற்றங்காலுக்குப் பக்கத்தில் விற்பனைக்கு வளர்ந்த சிப்பி வைத்திருந்தால், பாசியின் இனம் தெரிந்து, சதையில் நஞ்சில்லை என்று சோதனை சொல்லும்வரை ஒன்றையும் வெளியே அனுப்பாதீர்கள். அலெக்சாண்டிரியம் போன்ற பாசிகளின் நஞ்சை உண்டும் சிப்பி நலமாகவே இருக்கும், தின்பவருக்குத்தான் கேடு. மென்னோட்டு மட்டியில் சில கூட்டங்களுக்கு ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருப்பதால் அந்த நஞ்சு அவ்வளவாக உறைப்பதில்லை என்று 2005-இல் கண்டுபிடித்தார்கள். உறைக்காதவைதான் அதிகம் சேர்த்தும் வைக்கின்றன. வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

எட்டுப் பாத்திரச் சோதனையின் எண்களை, மணி வாரியாக, அப்படியே எனக்கு எழுதி அனுப்புங்கள். பையை எத்தனை நாள் ஓட்டினீர்கள் என்பதையும், சல்லடையை எப்படிக் கழுவுகிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அது வந்த பிறகு தாய்ச்சிப்பியைப் பற்றிப் பேசலாம். அதுவரை அடுத்த முட்டையிடலைத் தள்ளிப்போடுங்கள்.